அனாமத்துக் கணக்கு

திருத்தணி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மொட்டை, காவடி, ஆடிக் கிருத்திகைக் கூட்டம், டிசம்பர் 31 ராத்திரி படிபூஜை. கொஞ்சம் வயதானவராக இருந்தால் ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டம். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த கதை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால், டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் என்று மார்க் வாங்குகிற பதிலைச் சொல்வார்கள்.

எனக்கு ஒரு டிபன் டப்பா ஞாபகம் வருகிறது. உள்ளே உடைந்த ஹெட்லைட் கண்ணாடித் துண்டுகள்.

சொல்கிறேன்.

சூரபத்மனோடு போர் முடித்த முருகன், கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த மலை என்பதால் தணிகை என்று பெயர் வந்தது என்பார்கள். அடிவாரத்தில் தேங்காய் விற்பவர்கூட இந்தக் கதையைச் சொல்வார். எனக்கு இதில் ஒரு சின்ன சந்தேகம். கோபம் தணிய வேண்டுமானால் முதலில் கோபப்பட ஓர் ஆள் வேண்டாமா? முருகனுக்காவது எதிரி யார் என்று தெரிந்திருந்தது.

திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லைப் பக்கம் போகிற வழியில், ரோட்டை ஒட்டி ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம். நாற்பது, நாற்பத்தைந்து வீடுகள். பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். இந்தப் பக்கம் பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், அந்தப் பக்கம் நகரி என்று சுற்றுவட்டாரமே தறி ஓட்டிப் பிழைக்கிற பகுதி. அந்த ஊரிலும் பாதிப் பேருக்குத் தறிதான் சோறு.

பவர்லூமில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒருவரை, ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. மணி பத்தரைக்கு மேல். வீட்டுக்கு இன்னும் இருநூறு அடிதான். வயது 38.

என்ன வண்டி? தெரியாது. காரா, வேனா, லாரியா? தெரியாது. திருப்பதிக்குப் போனதா, சென்னைக்குப் போனதா? அதுவும் தெரியாது. டீக்கடைக்காரர் 'டமால்' என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார். "டயர் வெடிச்சிச்சினு நெனச்சேன் சார். இந்த ரோட்ல தெனம் ஒண்ணு வெடிக்கும்." எழுந்து வந்து பார்க்க அவருக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கிறது. அந்தப் பத்து நிமிஷம் போதும், பொன்பாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் வேற மாநிலம், வேற போலீஸ்.

இறந்தவர் என் நண்பருக்குத் தூரத்துச் சொந்தம். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரோடு போயிருந்தேன். ஊர் முனையில் 'கண்ணீர் அஞ்சலி' ஃப்ளெக்ஸ். ஏதோ கல்யாண போட்டோவில் இருந்து வெட்டி எடுத்த முகம், வெள்ளைச் சட்டையோடு சிரிக்கிறது. கீழே தோற்றம், மறைவு, வருந்தும் நண்பர்கள் இருபது பேர்.

காரிய வீட்டுப் பேச்சு உங்களுக்குத் தெரியும். சாப்பாடு முடிந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒன்று அரசியல் பேசும், ஒன்று நிலத்தகராறு பேசும். அங்கே இரண்டும் இல்லை. பந்தலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் துப்பறிந்துகொண்டிருந்தார்கள்.

"லாரியா இருந்தா சைக்கிள் அப்படியே நசுங்கியிருக்கும். இது காருதான்."

"காரா இருந்தா பம்பர் விழுந்திருக்கும்ல? ஒண்ணும் விழலையே."

"அன்னிக்குப் பவுர்ணமி. திருப்பதி வண்டிங்க நெறைய போச்சி."

இறந்தவரின் அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரே கேள்வியை வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "உடனே தூக்கினு போயிருந்தா பொழச்சிருப்பானா?" எல்லோரும் 'இல்லம்மா' என்றார்கள். அது பதில் இல்லை, ஆறுதல் என்று அந்த அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் அடுத்தவரிடம் கேட்டார்.

மனைவி என் நண்பரிடம் சொன்னது வேறு. "நம்பர் கெடைக்குமோ கெடைக்காதோ, அது போட்டும்ணா. எறங்கி ஒரு தபா பாத்தானா, பாக்காமலே போய்ட்டானா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

என்ன சொல்வீர்கள் இதற்கு?

டிபன் டப்பாவைக் கொண்டுவந்து காட்டியது இறந்தவரின் அண்ணன் மகன். பாலிடெக்னிக் படிக்கிற பையன். விடிந்ததும் போய் ரோட்டோரம் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி வைத்திருக்கிறான். கூடவே விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை பெயின்ட் செதில்.

"போலீஸ்ல குடுத்தியாப்பா?"

"கேப்பாங்கனு வெச்சிருக்கேன் சார். இன்னும் கேக்கல."

அவன் படத்தில் பார்த்துச் செய்ததாக நினைக்காதீர்கள். ஜப்பானில் நிஜமாகவே இப்படித்தான் செய்கிறார்கள். ஹெட்லைட் சில்லிலிருந்தும் பெயின்ட் துணுக்கிலிருந்தும் எந்த கம்பெனி, எந்த மாடல் என்று பிடித்து, அந்த வட்டாரத்தில் அடிபட்ட வண்டிகளைத் தேடிப் போகிறார்கள். இடித்துவிட்டு ஓடி, ஆள் செத்துப்போன வழக்குகளில் அங்கே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கண்டுபிடித்துவிடுகிறார்கள், வருஷா வருஷம். இங்கே எஃப்.ஐ.ஆரில் ஒரு வார்த்தை விழுந்துவிட்டது: 'அடையாளம் தெரியாத வாகனம்'.

நான் பி.காம். படித்தவன். அங்கே ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார்கள். வருஷக் கடைசியில் இருப்பாய்வு போடும்போது பற்றும் வரவும் ஒட்டாவிட்டால், எங்கே தப்பு என்று தெரியாவிட்டால், வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாக ஒரு கணக்கில் தூக்கி வைப்பார்கள். அனாமத்துக் கணக்கு. எங்கள் வாத்தியார் அடிக்கடி சொல்வார்: "தம்பிகளா, அனாமத்து என்பது வெயிட்டிங் ரூம். அங்கேயே குடியிருக்கக் கூடாது." தப்பு கிடைத்ததும் அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும்.

நம் நாட்டில் எத்தனை சாவு இந்த வெயிட்டிங் ரூமில் குடியிருக்கிறது தெரியுமா? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. செத்தவர்கள் 30,486 பேர். எண்ணைச் சொன்னால் மனசில் நிற்காது. திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்று கணக்கு. 30,486-ஐ 365-ஆல் வகுத்துப் பாருங்கள். படிக்கு 83 பேர்.

அடுத்து காசுக் கணக்கு. சாவில் காசு பேசலாமா என்று முகம் சுளிக்காதீர்கள். சம்பாதிக்கிறவன் போன வீட்டில் மூன்றாம் நாளே அந்தப் பேச்சு வந்துவிடும். வந்தாகவும் வேண்டும்.

இடித்த வண்டியின் நம்பர் தெரிந்தால், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நஷ்டஈடு எப்படிக் கணக்கிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2009-ல் சரளா வர்மா வழக்கில் ஒரு வாய்ப்பாடு கொடுத்திருக்கிறது. இவருக்கு மாசம் பத்தாயிரம் சம்பளம். வருஷத்துக்கு 1,20,000. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேர் அவரை நம்பி இருந்ததால், சொந்தச் செலவு என்று கால் பங்கைக் கழிக்க வேண்டும். மிச்சம் 90,000. 36-லிருந்து 40 வயதுக்குள் இருந்தால் 15-ஆல் பெருக்க வேண்டும். ஆக 13,50,000. எதிர்கால வருமானம் அது இது என்று இன்னும் கொஞ்சம் சேரும். அதை விட்டுவிடுவோம்.

நம்பர் தெரியாவிட்டால்? அரசாங்கத் திட்டத்தில் 2 லட்சம். அதுவும் 2022 ஏப்ரல் 1-லிருந்துதான். அதற்கு முன்னால் பல வருஷங்களாக 25,000.

அதே ஆள், அதே ரோடு, அதே சாவு. நடுவில் ஒரு நம்பர் பிளேட். விலை பதினொன்றரை லட்சம்! ஓடியவன் பயத்தில் ஓடியிருக்கலாம். ஆனால் போகும்போது நாலு பேருடைய பதினைந்து வருஷச் சாப்பாட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். அவனுக்கே தெரியாது என்பதுதான் கொடுமை.

சரி, அந்த 2 லட்சமாவது வாங்குகிறார்களா? கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைப் பற்றி 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2024 ஜனவரி 12 அன்று நீதிபதிகள் ஒரு கணக்கை எடுத்து வைத்தார்கள். 2022-23 நிதியாண்டில் இந்தத் திட்டத்தில் பணம் கேட்டு நாடு முழுக்க வந்த மனுக்கள் மொத்தம் 205. கொடுத்து முடித்தது 95. முப்பதாயிரம் சாவுக்கு 205 மனு! பணம் இல்லாமல் இல்லை. இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அதனால் கோர்ட் போலீஸுக்கு ஓர் உத்தரவு போட்டது. ஒரு மாசத்துக்குள் வண்டி கிடைக்கவில்லை என்றால், இறந்தவர் குடும்பத்துக்கு இந்தத் திட்டத்தைப் பற்றி எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். குடும்பம் மனுவோடு போகவேண்டிய இடம் கோட்ட அளவிலான வருவாய் அதிகாரி, அதாவது நம்மூர் ஆர்.டி.ஓ. அவர் விசாரித்து அனுப்பினால் கலெக்டர் அனுமதிப்பார். வக்கீல் வேண்டாம், கோர்ட் வேண்டாம். பின்னால் வண்டி பிடிபட்டுத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கிடைத்தால், இந்த 2 லட்சத்தை அதில் கழித்துக்கொள்வார்கள். பி.காம். பாஷையில், அனாமத்து பைசல்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர், தெருவில் இஸ்திரி போடுகிறவர் யாருக்காவது இப்படி ஒரு சாவு நடந்திருந்தால், தயவுசெய்து இந்தப் பாராவை வெட்டிக் கொடுங்கள்.

'நம்பர் மட்டும் கிடைத்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும்' என்று அந்தப் பந்தலில் எல்லோரும் நம்பினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் எனக்கு மும்பை ஞாபகம் வந்தது. 2002 செப்டம்பர் 28, பாந்த்ராவில் ஒரு லாண்டரி வாசலில் பேக்கரித் தொழிலாளிகள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கார் ஏறியது. ஒருவர் செத்தார், நாலு பேருக்குக் காயம். வண்டி அங்கேயே நின்றது. யாருடையது என்பதிலும் சந்தேகம் இல்லை, நடிகர் சல்மான் கானுடையது. 2015 மே மாதம் செஷன்ஸ் கோர்ட் அவருக்கு ஐந்து வருஷம் தண்டனை கொடுத்தது. அதே வருஷம் டிசம்பர் 10 அன்று, வண்டியை ஓட்டியது அவர்தான் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்று ஹைகோர்ட் விடுதலை செய்தது. சாட்சியம் போதாவிட்டால் விடுதலைதான், அது சட்டம். ஆனால் செத்தவர் வீட்டுக்காரர்கள் நிலைமை? வண்டி தெரியும், நம்பர் தெரியும், சொந்தக்காரர் தெரியும். பதிமூன்று வருஷம் கழித்து, ஓட்டியது யார் என்ற கேள்வி மட்டும் அப்படியே அவர்கள் கையில்.

நம்பர் கிடைத்தால் நஷ்டஈடு கிடைக்கும். ஆனால் 'ஒரு தபா பாத்தானா' என்று அந்தப் பெண் கேட்டதற்கு எந்தக் கோர்ட்டாலும் பதில் சொல்ல முடியாது. இடித்தவன் ஒருவன் வாயிலிருந்துதான் அது வர வேண்டும். அவன் நின்றால்தான் வரும்.

ஏன் நிற்பதில்லை?

ஊர் திரும்புகிற வழியில் ஒரு டீக்கடை. லாரி டிரைவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இருபத்தைந்து வருஷ சர்வீஸ். கடப்பா, ரேணிகுண்டா, சென்னை என்று இந்த ரோட்டிலேயே நரைத்தவர்.

"நிப்பீங்களாண்ணே?"

டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "நிக்கணும்னுதான் சார் நெனப்பு. நின்னா அடிச்சே கொன்னுடுவாங்க. தப்பு யாரு மேலனு எவன் கேக்கறான்?"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு, இடித்தவர் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குச் சேர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் விதிவிலக்கும் கொடுக்கிறது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் போய்ச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் பயம் என்றால் அடுத்த ஊர் ஸ்டேஷனுக்குப் போகலாம். அங்கே யாரும் கல்லோடு நிற்கப் போவதில்லை. இது பாதி டிரைவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பாதிக்கு, காலையில் எழுந்தால் தைரியம் போய்விடுகிறது.

தண்டனையைக் கூட்டினால் நிற்பார்கள் என்று அரசாங்கம் நினைத்தது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-வது பிரிவு, இரண்டாவது உட்பிரிவு. ஆளைக் கொன்றுவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை. 2024 ஜனவரியில் வடக்கே லாரிகள் நின்றுபோயின. பெட்ரோல் பங்குகளில் கூட்டம் முண்டியடித்தது. புதுச் சட்டம் ஜூலை 1-ல் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். டிரைவரிடம் இதைச் சொன்னேன். "பத்து வருஷம்னா இன்னும் வேகமாத்தான் சார் ஓடுவான்" என்றார். யோசிக்க வேண்டிய பதில்.

நாலைந்து மாசம் கழித்து மறுபடி அந்த ஊருக்குப் போனேன். மனு விஷயமாக நண்பர் கூப்பிட்டார். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொடுக்க வேண்டிய காகிதங்களை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார்கள். எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், பேங்க் பாஸ்புக். பையன் ஃபாரத்தை எழுதினான். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அப்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பேச்சு மறுபடி அந்த ராத்திரிக்குப் போனது. கொஞ்ச நேரம் சும்மா இருந்த பெரியவர், யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நாலு வருசம் முன்ன இதே எடத்துல ஒரு வேன்காரன் ஆட்டை அடிச்சான். ஆடுதான்டா. எறங்கி நின்னு, இன்னா வெலைனு கேட்டான். நம்ம பசங்க இன்னா பண்ணாங்க? கண்ணாடிய ஒடச்சி, அவன் மூக்கையும் ஒடச்சி அனுப்பனாங்க. இந்த ரோட்ல ஓட்றவன் பூரா அத்தப் பேசியிருப்பான். அப்பறம் எவன்டா நிப்பான் இங்க?"

யாரும் பதில் பேசவில்லை. ஃபாரம் எழுதிக்கொண்டிருந்த பையன் தலையைத் தூக்கவில்லை. அன்றைக்குக் கண்ணாடி உடைத்ததில் இறந்தவரும் ஒருவர் என்று நண்பர் பின்னால் என்னிடம் சொன்னார்.

அதற்காக அவர் செத்தார் என்றோ, ஓடியவன் செய்தது சரி என்றோ அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். ஓடியவன் ஓடியவன்தான். ஆனால் ஊரில் அன்று வரை எல்லாக் கேள்வியும் ரோட்டைப் பார்த்தே போய்க்கொண்டிருந்தது. முதல் தடவையாக ஒரு கேள்வி திரும்பி ஊருக்குள் வந்தது. அதற்கு மட்டும்தான் அவர்களால் பதில் சொல்ல முடியும்.

சொன்னார்கள். போன மாசம் நண்பர் போன் பண்ணினார். 2 லட்சம் வந்துவிட்டது, பிள்ளைகள் பேரில் போட்டாயிற்று என்றார். ஊர் முனையில் பஞ்சாயத்தைக் கேட்டுக் கேட்டு ஒரு லைட் போட வைத்துவிட்டார்களாம். பஸ் ஸ்டாப் சுவரில் அந்தப் பையனும் அவன் கூட்டாளிகளும் பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்திருக்கிறார்களாம். மேலே தமிழில், கீழே தெலுங்கில்.

'இடித்தால் நிறுத்துங்கள். யாரும் அடிக்க மாட்டோம்.'

"சுவத்துல எழுதினதைப் படிச்சிட்டு எவனாவது நிப்பானா?" என்றேன்.

போனைப் பெரியவரிடம் கொடுத்திருப்பார் போல. அவர் குரல் கேட்டது.

"எளுதி ரெண்டு மாசம் ஆச்சு சார். இன்னும் எவனும் யாரையும் இடிக்கல. பசங்க சண்டை போட்டுக்கினு கீறானுங்க, வண்டி நின்னா யாரு மொதல்ல தண்ணி எடுத்துனு ஓட்றது, யாரு நூத்தியெட்டுக்குப் போன் பண்றதுனு. அதுவரிக்கும் பேசி வெச்சிட்டானுங்க."